வெறுப்பகம்

குணநாயகம் சேர் ஓய்வு பெறுகிறார்.
ஆளுக்கு இருநூற்றைம்பது சேர்த்ததில்
கேக் தெரிவுசெய்யும் பொறுப்பு
கணக்குப் பிரிவில்
எனக்கும் ரிஸ்மியாவுக்கும் விழுந்தது.
தின்று பார்க்காமல் ஓடர் கொடுக்கக் கூடாது
என்பது அவளுடைய சட்டம்.
பஸ் காசு தரமாட்டோம்
என்பது அலுவலகத்தின் சட்டம்.

முதற் சனி, வெள்ளவத்தை.
கண்ணாடிக் கதவு, குளிரூட்டி,
கையுறை போட்ட பெடியன்.
பட்டர் கேக் குளிர்ப்பெட்டியிலிருந்து வந்தது.
பல்லுக்குத் தெரிந்தது,
நாக்குக்குத் தெரியவில்லை.
"மாஜரீன்," என்றாள் ரிஸ்மியா,
நீதவான் போல.
காலி வீதியில் நின்று
ஒரு சுருள் கடலை வாங்கி
வாயைச் சமாதானப்படுத்தினோம்.

கொட்டாஞ்சேனையில்
பின்பக்கம் போறணை எரிகிற கடை.
கிம்புலா பணிஸ் இரண்டு.
முதலையை வாலிலிருந்து நான் தொடங்க
தலையிலிருந்து அவள்.
கறுப்பு அபாயாவில் விழுந்த சீனி
தட்டத் தட்டப் பரவியது.
கேக்?
"இந்த மாதம் முழுக்கக் கலியாணம், பிள்ளை.
ஓடர் எடுக்கேலாது."

மாளிகாவத்தையில்
அவளுடைய மாமி மகனின் கடை.
நன்றாகத்தான் இருந்தது.
அதனாலேயே விலக்கினோம்.
நாளைக்கு ஓடிட்டர் கேட்டால்?

மூன்றாவது சனி மழை.
நாரஹேன்பிட்டியில் பஸ்ஸைவிட்டு இறங்கி
ஓடிப்போய் ஒதுங்கிய கூரைக்கு மேல்
மும்மொழிப் பலகை.
சிங்களம் பெரிதாக,
ஆங்கிலம் வளைந்து நெளிந்து,
கடைசி வரியில்
வெறுப்பகம்.

நான் சிரித்த சிரிப்பில்
மாலுபாண் அடுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.
"ஏன் நங்கி?"
ரிஸ்மியா கையைக் கிள்ளினாள்.
எப்படிச் சொல்வது,
போறணையின் சூட்டை எழுதப் போய்
ஓரெழுத்து சறுக்கி,
ஆறு வருடமாக இந்தத் தெருவுக்கு
நீங்கள் விற்பது இன்னதென்று?

சொன்னேன். உடைந்த சிங்களத்தில்.
துவுக்குப் பதில் று.
சந்திரபால
(பில்லில் அப்படித்தான் இருந்தது)
பலகையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.
"தமிழ் ஆட்கள் தினமும் வருகிறார்கள்.
ஒருத்தர்கூடச் சொல்லவில்லையே."
"ஆனா வந்தாங்கதானே," என்றாள் ரிஸ்மியா.

வருவார்கள்தான்.
வெறுப்பகத்தின் பட்டர் கேக்
ஓரம் கொஞ்சம் கருகி
நடுவில் ஈரமாய் இருந்தது.
கண்ணை மூடி
மாஜரீனைத் தேடிக் களைத்தவள்
இன்னொரு துண்டு கேட்டாள்.

மழை விட்டதும்
பிளாஸ்டிக் கதிரை ஒன்று வெளியே வந்தது.
எந்தக் கணக்குக்காரியின் கைப்பையிலும்
அழிக்கிற வெள்ளை மை இருக்கும்.
ஏறி நின்று றுவை மூடினேன்.
காய ஊதினேன்.
அதன்மேல் மார்க்கரால் து.
கீழே ஒரு கையில் கதிரை, மறு கையில் கேக்,
ரிஸ்மியா கத்தினாள்:
"வாலைப் பார்த்து! வாலைப் பார்த்து!"

அங்கேயே ஓடர். இரண்டு கிலோ.
மேலே எழுதவேண்டியதை
அச்சுப்போல் எழுதிக் கொடுத்தேன்:
சென்று வருக.

வெள்ளிக்கிழமை நாலு மணி.
பெட்டியைத் திறந்தால்
நீல ஐசிங்கில்
சென்று வறுக.

பலகையிலிருந்து நான் இறக்கிவிட்ட று
பஸ் ஏறி வந்து உட்கார்ந்திருந்தது.
ஒருவரும் மூச்சு விடவில்லை.
சேர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு
மறுபடி வாசித்தார்.
"முப்பத்தொரு வருசம்
இங்கை வறுபட்டது காணாதாமோ?"

பிறகு கத்தியை வாங்கி
பக்கத்து எழுத்துகளில் படாமல்
அந்த ஒன்றை மட்டும் சதுரமாய் வெட்டி
வாயில் போட்டுக்கொண்டார்.

"இனிப்புக் கொஞ்சம் கூட," என்றார்.